கையெழுத்துப் போட்ட மூடி

என் தம்பி மனைவிக்கு ஆலையில் பூதக்கண்ணாடி என்று பெயர். கூப்பிட நீளமாக இருக்கிறதென்று அதையும் பூதம் ஆக்கிவிட்டார்கள். ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரும். மின்விசிறியை வேகமாக வைத்தால் தள்ளி உட்காருகிற உடம்பு. அந்த உடம்பில் அப்படி இரண்டு கண் எங்கிருந்துதான் வந்து உட்கார்ந்ததோ! தலைமுடியில் பாதிக் கனத்துக்கு ஒரு கீறல் இருந்தாலும் பிடித்துவிடுவாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் நாத்தனார், வேறெப்படி இருப்பேன்? வீட்டுக்குள் வந்த அன்றே, நான் கடைகடையாக ஏறி இறங்கி வாங்கிய ஜன்னல் திரைகளைப் பார்த்து, "அண்ணி, இந்த ரெண்டும் ஒரே துணியில வெட்டினது இல்ல போல. இடது பக்கம் கொஞ்சம் பழுப்பா இருக்கு" என்றாள். எனக்குச் சுரீரென்று ஏறியது. ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு யாரும் இல்லாத நேரத்தில் திரைகளைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பழுப்புதான். பாவி மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

வேலைக்குக் கிளம்பும்போது சாம்பல் நிறச் சட்டையைத் தவிர வேறு எதையும் போட மாட்டாள். சிவப்போ மஞ்சளோ போட்டால் அந்தச் சாயல் அவள் சோதிக்கிற அலுமினிய மூடியில் விழுந்து கண்ணை ஏமாற்றிவிடுமாம். "துக்க வீட்டுக்குப் போறவ மாதிரி கிளம்புறியே" என்று வம்புக்கு இழுப்பேன். "என் நிறம் அதுல ஒட்டக் கூடாது அண்ணி" என்பாள். கண் அசந்து போகாமலிருக்க, நாலைந்து மூடிக்கு ஒருமுறை மேஜையோரம் ஒட்டியிருக்கும் சாம்பல் அட்டையை வெறித்துப் பார்க்க வேண்டும் என்பதும் அவர்கள் விதி. வீட்டில் என்மேல் கோபம் வந்தால் சுவரை அப்படித்தான் வெறிப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். எனக்குத்தான் வாய் நமநமக்கும்.

நாங்கள் மூவருமே ஒரே ஆலைதான். அங்கே மடிக்கணினி செய்வதில்லை, அதன் மேல்மூடி மட்டும். அலுமினிய மூடியைப் பொடி மணலால் அடித்து மெத்தென்று ஆக்குவார்கள். அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் அதன்மேல் மெல்லிய தோல் ஒன்று பிடிக்கும். அந்தத் தோலுக்குச் சாயம் ஏற்றலாம், ஏற்றாமல் வெள்ளியாகவே விட்டுவிடலாம். கடைசியில் கொதிநீர்த் தொட்டியில் முக்கித் தோலை இறுக்கிவிடுவார்கள். அதன் பிறகு அது பூதம் உட்கார்ந்து சோதிக்கிற விளக்குக் கூண்டுக்கு வரும். மாதிரி மூடியோடு ஒத்துவந்ததெல்லாம் இடது பக்கம், என்னிடம். நான் படலம் ஒட்டிப் பெட்டியில் அடுக்குவேன். ஒத்துவராதது வலது பக்கம், என் தம்பியிடம்.

என் தம்பிக்கு உரிப்புத் தொட்டி. தள்ளிய மூடிகளைச் சட்டத்தில் மாட்டி, கொதிக்கிற காஸ்டிக் சோடாக் கரைசலில் இறக்கி, பிடித்த தோலை உரித்தெடுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய அனுப்புவது அவன் வேலை. தொட்டியிலிருந்து வெள்ளையாக ஆவி எழும். முகமூடி கொடுத்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. வியர்வையில் அது ஒரு மணி நேரம் கூடத் தாங்காது. அடியில் சேறு கட்டும், அதை வாரிப் பின்பக்கக் குழியில் கொட்டுவார்கள். பொண்டாட்டி கண் தள்ளியதைப் புருஷன் கை உரிக்கும். இப்படியும் ஒரு குடும்பம்!

அந்தத் தொட்டிக்கு வருகிறேன் என்று எவனும் சொல்ல மாட்டான். அதனால் அங்கே நிற்கிறவனுக்கு மட்டும் ஆலை வீடு கொடுக்கும். என் வீட்டுக்காரர் போன பிறகு நானும் அந்த வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தேன். மூன்று பேருக்கும் தலைக்கு மேலே கூரை நிற்பது அந்தத் தொட்டியால்தான், தம்பியின் நெஞ்சு வீணாவதும் அதனால்தான்.

முதலில் சாதாரண இருமல் என்றுதான் நினைத்தோம். பிறகு மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ யோசிக்கிறவன் மாதிரி பாவனை செய்ய ஆரம்பித்தான். யாரை ஏமாற்றுகிறான்? நான் தூக்கி வளர்த்தவன் அவன். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் சுற்றி வளைக்கவில்லை.

"அந்த ஆவியை விட்டு வெளியே வந்துடுங்க. போனது திரும்பாது. இருக்கிறதையாவது காப்பாத்திக்கலாம்."

"வரலன்னா?" என்று கேட்டது பூதம்.

"வரலன்னா இதையும் இழப்பீங்க."

மேனேஜரிடம் போய் நின்றோம். நல்ல மனுஷன்தான், ஆனால் நல்ல மனசை வைத்துக்கொண்டு என்ன செய்ய? "அந்தத் தொட்டிக்கு வேற ஆள் கூட்டிட்டு வாங்க, அன்னைக்கே இவரை மாத்திடுறேன். ஆள் இல்லாம தொட்டியை நிறுத்தினா லைன் மொத்தமும் நிக்கும்" என்றார். ஆள் தேடினோம். தெரிந்தவன், தெரியாதவன் எல்லாரிடமும் கேட்டோம். எல்லாரும் என் தம்பிக்காக ரொம்ப வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் புது ஆர்டர் வந்தது. பழைய பாத்திரம், ஜன்னல் சட்டம், டப்பா எல்லாம் உருக்கிச் செய்த அலுமினியம். மண்ணைத் தோண்ட வேண்டாம், கரண்டும் பெருமளவு மிச்சம் என்றார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் பல ஊர்க் குப்பை ஒன்றாக உருகினால் அது ஒரே குணமாகவா இருக்கும்? அமிலத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தால் மேலே கோடுகோடாகத் தெரிந்தது. புது உலோகத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு தள்ளிக்கொண்டிருந்தவள், சோதனை ஓட்டத்தில் பாதிக்குப் பாதி தள்ளினாள்.

அந்தப் பாதியும் எங்கே போகும்? என் தம்பியிடம். ஒருமுறை உரித்தால் மூடி கொஞ்சம் மெலியும். இரண்டு தரம் உரித்தால் காகிதம் மாதிரி ஆகிவிடும், உருக்கத்தான் அனுப்ப வேண்டும். உருக்கிச் செய்ததை உரித்து உரித்து மறுபடி உருக்குவதற்கு இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று நான் கத்தினேன். யார் காதில் விழுந்தது?

மேற்பூச்சு இன்னும் முடிவாகவில்லை என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே பிடி. வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவார்கள், மூன்று மாதிரி வைப்போம், ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒன்று சாயமில்லாத வெள்ளி. இரண்டாவது, சாயம் ஏற்றிய கருநீலம். மூன்றாவது பெயின்ட்.

பெயின்ட் என்றால் எங்கள் தொட்டி எதுவுமே வேண்டாம். கோடும் தெரியாது. ஆனால் அடிக்கிற பட்டறை வேறு எங்கோ இருக்கிறது, எங்கள் லைனை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெள்ளி என்றால் கோடு பளிச்சென்று தெரியும், பாதி மூடி உரிப்புக்குப் போகும். கருநீலத்தில் எந்தக் கோடும் தெரியாது. எல்லாவற்றையும் அந்த இருட்டு விழுங்கிவிடும். உரிப்புத் தொட்டியை வாரத்தில் பாதி நாள் அணைத்தே வைக்கலாம்.

ஆனால் கருநீலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சாயத் தொட்டியைக் கழுவுகிற தண்ணீர் என்ன சுத்திகரித்தாலும் லேசாக நீலம் காட்டும். அது போவது வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில். சோதனை ஓட்டத்தின்போதே கால்வாய் ஓரத்தில் கீரை போடுகிற அம்மா ஒரு கட்டைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வேர் நீலமாக இருந்தது.

"இதை நீ சாப்பிடுவியா? சொல்லு. உன் வீட்டு ஆளுக்குக் குடுப்பியா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அந்தக் கால்வாயைவிட என் தம்பி பெரிது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கால்வாய் நாசமாய்ப் போனால் போகட்டும், இவன் மூச்சு விட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து அவளிடம் கீரை வாங்குவதையும் நிறுத்திவிட்டேன். அது இன்னும் கேவலம், தெரியும்.

பூதம் அப்படி லேசில் நினைக்கவில்லை. அந்த வேரைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறம் கண்ணில் பட்டால் அவளால் கூர்ந்து பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்துவிட்டு, கை கழுவிவிட்டு வந்தாள்.

கம்பெனி ஆட்கள் வருவதற்கு முந்தின சாயங்காலம், சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, நாளைக்கு வைக்கிற மாதிரி மூணையும் நான்தான் எடுத்துக் குடுக்கணும்."

"அதான் எப்பவும் நீதானே எடுக்குற."

"எப்பவும் இருக்கிறதிலேயே நல்லதைத் தேடி எடுப்பேன். கருநீலத்துல அப்படித்தான் எடுத்து வெச்சிருக்கேன். வெள்ளியில..." என்று நிறுத்தினாள். "இருக்கிறதிலேயே மோசமானதை எடுத்து வெச்சிருக்கேன். பார்த்த உடனே அருவருப்பா இருக்கும். குறுக்கால ஒரு கோடு, தழும்பு மாதிரி."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். வாழ்நாளில் ஒரு மூடியைக்கூடப் பொய்யாகத் தள்ளாதவள், பொய்யாக விடாதவள். அவள் வாயிலிருந்தா இது?

"கீரைக்காரம்மா?" என்றேன். நானே ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அவங்களுக்கு நான் செய்யறது துரோகம்தான் அண்ணி. தெரிஞ்சுதான் செய்யறேன். எனக்கு வேற வழி தெரியல." கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை. "அவர் நேத்து குளிச்சுட்டுத் தலை துவட்டும்போது நடுவுல உக்காந்துட்டார். தலை துவட்ட மூச்சு பத்தல."

"வை. அந்தத் தழும்பையே வை" என்றேன்.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு இளைஞன், ஒரு அம்மாள். அந்த அம்மாளைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொல்ல எனக்கு மனமில்லை. வந்ததும் எல்லாரிடமும் கைகொடுத்தாள். தொட்டிகளைப் பார்க்க வேண்டும் என்றாள். கால்வாய் எங்கே போகிறது என்று கேட்டாள். இதையெல்லாம் கேட்ட முதல் ஆள் அவள்தான். பெட்டி எடுக்கும் சாக்கில் நான் கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

முதலில் பெயின்ட் மூடியைத் திருப்பி வைத்தாள். "இதைத் திரும்ப உருக்கணும்னா பெயின்ட்டை எரிச்சு எடுக்கணும். வேண்டாம்." என் உயிர் திரும்பி வந்தது. லைன் தப்பித்தது.

பிறகு கருநீலத்தைக் கையில் எடுத்தாள். அழகாக இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. இளைஞன், "இதுதான் விக்கும்" என்றான். பூதம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அழகா இருக்கு. ஆனா இந்தச் சாயத் தண்ணி அந்தக் கால்வாய்க்குத்தானே போகுது?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் அதையும் கீழே வைத்தாள். அப்புறம் மிச்சமிருந்த வெள்ளியை எடுத்தாள். விளக்குக்கு நேரே பிடித்தாள். சாய்த்தாள். அந்தத் தழும்புமேல் விரலை வைத்து மெல்லத் தடவினாள்.

"இது என்ன கோடு?"

பூதம் குனிந்துகொண்டாள். மேனேஜர்தான், "பழைய உலோகம் இல்லையா, அப்படித்தான் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"இதைத்தானே நாம தேடிட்டு இருந்தோம்!" அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "மறைக்கவே வேண்டாம். பார்த்தாலே தெரியணும், இது ஏற்கெனவே ஒரு தடவை வாழ்ந்த உலோகம்னு. சாயம் வேண்டாம், பெயின்ட் வேண்டாம். இதுதான்."

பேனாவை எடுத்து மூடியின் உட்பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். இளைஞனும் போட்டான். மேனேஜரும் போட்டார். வெளியில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். எங்கள் ஆலையில் கையெழுத்துப் போட்ட மூடிதான் சட்டம். அதைக் கூண்டின் மேல் தட்டில் வைத்துவிடுவார்கள். இனி வருகிற ஒவ்வொரு மூடியையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது போல் இருந்தால் இடது பக்கம், இல்லாவிட்டால் வலது பக்கம். நல்லது கெட்டது என்று ஒன்றும் கிடையாது, அது போல் இருக்கிறதா இல்லையா என்பதுதான். வேலைக்கு வந்த நாளிலிருந்து பூதம் செய்தது இது ஒன்றைத்தான். அப்படிப்பட்டவள் ஒரு கோணல் மூடியைப் போய்த் தேர்வுக்கு வைத்தாளே! அசிங்கமானதையும் ஒருவர் ஆசைப்பட்டு எடுப்பார் என்று எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை.

அந்த அம்மாள் போகும்போது, "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருந்தா என்ன, அதுதானே அழகு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் அதை நம்பித்தான் இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஆனால் தேர்ந்தெடுக்கிறவர்கள் ஒரு அறையில், சரிபார்க்கிறவர்கள் வேறு அறையில். சரிபார்க்கிற ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. கடையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், கோடு இந்த இடத்தில், இந்தச் சாய்வில், இந்த அழுத்தத்தில். கோடு அதிகமானாலும் தள்ளு. கோடே இல்லாவிட்டாலும் தள்ளு.

கோடில்லாத மூடியையும் தள்ளச் சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

தழும்பை யாராவது சொல்லிவைத்து வரவழைக்க முடியுமா? பத்து மூடியில் ஒன்று இடது பக்கம் வந்தால் பெரிய விஷயம். மீதியெல்லாம் என் தம்பியிடம். உரிப்புத் தொட்டியை அணைப்பதே இல்லை. சேற்றுக் குழி நிரம்பி, பக்கத்தில் இன்னொன்று வெட்டினார்கள். சாயம் வேண்டாம் என்று அந்த அம்மாள் காப்பாற்றிய கால்வாயில் மழை பெய்தால் வெள்ளைச் சேறு இறங்கியது. கீரைக்காரம்மாவின் பாத்திகள் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆயின. அவள் ஒரு நாள் வந்து கதவுக்கு வெளியே நின்று திட்டிவிட்டுப் போனாள். நாங்கள் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதைவிடக் கொடுமை கூண்டில் உட்கார்ந்திருந்தவள் நிலைமை. ஒவ்வொரு தடவை வலது பக்கம் கை போகும்போதும் அவள் உதடு அசையும். என்னவென்று நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் அவள் இவனுக்கு முதுகு தேய்த்துவிடுவாள். இவன் இருமுவான். "இன்னைக்கு ரொம்பத் தள்ளிட்டியேடி" என்று சிரிக்கப் பார்ப்பான். அந்தச் சிரிப்பும் இருமலில்தான் போய் முடியும். அவள் அடுப்படிக்கு வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "நான்தான் அண்ணி, நானே என் கையால" என்பாள். நான் அவளைத் திட்டியிருக்கலாம். இவ்வளவு காலம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் திட்டியிருக்கிறேன். இதற்கு மட்டும் எனக்கு வாய் எழவில்லை.

கடைசியில் அவளே மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னாள். நானும் கூடப் போனேன். கேட்டுவிட்டு அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, உனக்கா இப்படித் தோணிச்சு?"

"மாதிரியை மாத்தச் சொல்லுங்க சார். நல்ல வெள்ளியா ஒண்ணு வைக்கிறேன். என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் சரி."

எங்கள் முன்னாலேயே போன் போட்டார். கையெழுத்துப் போட்ட அந்த அம்மாள் வேறு வேலைக்கு மாறிவிட்டாளாம். எடுத்தவன் நிதானமாகப் பேசினான். மாதிரி மாறினால் ஒப்பந்தமே புதிதாகப் போட வேண்டும், அப்படியென்றால் மற்ற ஆலைகளையும் கேட்போம் என்றான். மேனேஜர் போனை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அவருக்கும் இதே ஆலைதானே சோறு போடுகிறது.

"சரி சார். தொட்டிக்கு ஆள் கொண்டுவந்தா அவரை மாத்துறேன்னு சொன்னீங்களே, அது இன்னும் இருக்கா?" என்றாள் பூதம்.

"இருக்கு. யாரு?"

"நான்தான்."

"நான் போறேன்" என்று நான் குறுக்கே விழுந்தேன். நிஜமாகத்தான் சொன்னேன். மேனேஜர் முடியாது என்று தலையாட்டினார். எனக்குத் தோள் எலும்பு ஒருமுறை கழன்றது, ஆலை மருத்துவருக்குத் தெரியும். சட்டம் தூக்க என்னை விடமாட்டார்கள்.

"நீ தொட்டிக்குப் போயிட்டா கூண்டுல யாரும்மா உக்காருவா?" என்று கேட்டார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

வீட்டில் பூகம்பம்தான். "என் பொண்டாட்டியை அங்க நிக்க வெச்சுட்டு நான் இங்க உக்காந்து..." என்று தம்பி எழுந்தான். இருமல் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தான். அவள் போய் நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டே, "முதல்ல இந்தப் பேச்சை இருமாம முடிங்க, அப்புறம் நான் கேக்குறேன்" என்றாள். அவன் முயன்று பார்த்தான். முடியவில்லை. அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஆண்பிள்ளை அழுவதைப் பார்த்திருக்கிறேன், அழக்கூட மூச்சுப் போதாமல் ஒருவன் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"நான் புதுசா போறேன், எனக்கு இன்னும் நெஞ்சு இருக்கு. அதுக்குள்ள இந்த ஆர்டர் முடியும்" என்றாள். முடியும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை.

கூண்டில் உட்கார ஒரு பரீட்சை வைப்பார்கள். கலைத்துப் போட்ட நிறத் துண்டுகளை வெளிர் முதல் அடர் வரை ஒன்றும் இடம் மாறாமல் வரிசையாக அடுக்க வேண்டும். அவளுடைய சாம்பல் சட்டையைத்தான் தையல் பிரித்துப் போட்டுக்கொண்டு போனேன். கையில் முதல் துண்டை எடுத்தபோது ஒரு எண்ணம் ஓடியது. வேண்டுமென்றே மாற்றி அடுக்கிவிட்டால் அவள் கூண்டிலேயே இருப்பாள். தொட்டிக்குப் போக வேண்டாம். ஆனால் என் தம்பி அங்கேயே நிற்பான். மாறி மாறி யோசித்தேன். ஒரு பக்கம் கூடப் பிறந்தவன், இன்னொரு பக்கம் எங்கிருந்தோ வந்து எங்கள் வீட்டுக்காகத் தேய்கிறவள். நான் சரியாக அடுக்கினேன். எல்லாம் சரி என்று சூப்பர்வைசர் கைதட்டினார். அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

முதல் நாள் தம்பி லீவு போட்டு வீட்டில் இருந்தான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து உரிப்புத் தொட்டி தெரிந்தது. அவன் அளவுக்கு வாங்கிய ரப்பர் பூட்ஸ் அவளுக்கு முழங்காலைத் தாண்டியது. சட்டத்தைத் தூக்க எம்பினாள். ஆவி எழுந்து அவளை மறைத்தது, விலகியது, மறுபடி மறைத்தது. நான் சாம்பல் அட்டையைப் பார்த்தேன். மூடியைப் பார்த்தேன். கோடு கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. கொஞ்சம்தானே? இடது பக்கம் வைத்தேன். அடுத்ததில் கோடு மங்கல். இடது பக்கம். ஒன்றில் கோடே இல்லை, சுத்த வெள்ளி, எவ்வளவு அழகு! அதையும் இடது பக்கம் வைத்தேன். யாருக்கு என்ன நஷ்டம்? மடியில் வைத்துத் தட்டச்சு செய்கிற எவன் கோட்டை அளந்து பார்க்கப் போகிறான்? காலை முழுவதும் வலது பக்கம் ஏறக்குறைய காலியாகவே இருந்தது. எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மணி அடித்தது. கையுறையைக் கழற்றாமல் நேரே கூண்டுக்கு வந்தாள். கண் இரண்டும் சிவந்து நீர் கோத்திருந்தது. முதல் நாளே குரல் கரகரத்தது.

"காலையில எனக்கு வேலையே இல்ல அண்ணி" என்றாள்.

"நல்ல சரக்கு இன்னைக்கு" என்றேன்.

அவள் இடது பக்க அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கையெழுத்துப் போட்ட மூடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததை. அந்த நீர் வழிகிற கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. சுத்த வெள்ளி மூடியை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

"இதெல்லாம் ஏன் இந்தப் பக்கம்?"

"போடி! எனக்கு எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சுது. வயசான கண்ணு."

"பொய் சொல்லாதீங்க. திரையை நீங்க வெயில்ல பிடிச்சுப் பார்த்ததை நானும் பார்த்தேன்." சிரித்தாள், அது இருமலாக மாறியது. அடக்கிக்கொண்டாள். "இது பெட்டியில போய்த் திரும்பி வந்தா முதல்ல உங்களை அனுப்புவாங்க. கூண்டு காலியானா என்னைத் திரும்ப இங்க உக்கார வைப்பாங்க. தொட்டியில யாரு நிப்பா? சொல்லுங்க."

நான் சாம்பல் அட்டையை வெறித்தேன்.

"அவர் இன்னைக்குக் காலையில மாடிப்படியை நிக்காம ஏறினாராம், போன் பண்ணினார். உங்களுக்குச் சொல்லச் சொன்னார்." இதைச் சொல்லும்போது அவள் முகம் புதுப்பெண் முகம் மாதிரி இருந்தது. "தள்ளுங்க அண்ணி. ஒத்துவராததை எல்லாம் என்கிட்ட தள்ளுங்க."

இடது பக்க அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சுத்த வெள்ளியையும் சேர்த்து, மார்போடு அணைத்துக்கொண்டு தொட்டிக்குத் திரும்பிப் போனாள். அவள் சாப்பிட்டாளா என்று தெரியாது. நான் சாப்பிடவில்லை.

மறுபடி மணி அடித்தது. விளக்கைப் போட்டேன். வந்த முதல் மூடியில் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. அதை எடுத்து வலது பக்கம் வைத்தேன். அடுத்ததையும் வைத்தேன். அவள் சட்டத்தைத் தூக்க எம்பினாள்.